ரீலோட் போட்டதும் காசு எங்கே போகிறது?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ரீலோட் போடும் கடையில் சற்று நேரம் நின்றால் ஒரே முறைப்பாடு திரும்பத் திரும்பக் காதில் விழும். நேற்றுப் போட்ட நூறு ரூபா இன்று காலை இல்லை, ஒரு கோல்கூட எடுக்கவில்லை. கடைக்காரர் குறைத்துப் போட்டுவிட்டார் என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். போனை யாரோ ஹெக் செய்துவிட்டார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே காரணமில்லை. காசு வெளியேறும் வழிகள் முன்கூட்டியே அமைக்கப்பட்டவை. அவற்றில் பல, காகிதத்தில் பார்த்தால், உங்கள் சம்மதத்துடன்தான் நடக்கின்றன. அந்தச் சம்மதம் எப்படி வாங்கப்படுகிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் விளங்கிவிடும். அதற்கு முன் சில அடிப்படைகள்.

மீதி யார் கையில் இருக்கிறது

ப்ரீபெய்ட் இணைப்பில் காசு சிம் கார்டிலும் இல்லை, போனிலும் இல்லை. தொலைபேசி நிறுவனத்தின் கணினியில் உங்கள் இலக்கத்துக்கு எதிரே எழுதப்பட்ட ஒரு தொகை அது. நீங்கள் கோல் எடுக்கும்போது, மெசேஜ் அனுப்பும்போது, இன்டர்நெட்டைத் திறக்கும்போது, வலையமைப்பு முதலில் அந்தக் கணினியைக் கேட்கிறது: இவரிடம் காசு இருக்கிறதா? இருந்தால் வழி விடுகிறது, பயன்படுத்தியதற்கு ஏற்பக் கழிக்கிறது.

இதே கணினிக்கு வேறு இடங்களிலிருந்தும் கழிக்கும் கட்டளைகள் வரலாம். கடன் கொடுக்கும் பிரிவு, பெக்கேஜ் விற்கும் பிரிவு, நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட வெளியார் என்று அந்தப் பட்டியல் நீளும். வங்கியில் காசு எடுக்கப்பட்டால் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி விழும். போஸ்ட்பெய்ட் வாடிக்கையாளருக்கு மாதம் ஒரு பில்லாவது வரும். ப்ரீபெய்ட்காரருக்குத் தானாக எதுவும் வருவதில்லை. திரையில் தெரிவது மிச்சத் தொகை மட்டும்தான், அது ஏன் குறைந்தது என்பது தெரிவதில்லை. பில் வாங்கும் வசதி உள்ளவரைவிட, நாள் சம்பளத்தில் ஐம்பதும் நூறுமாக ரீலோட் போடுகிற புறக்கோட்டை நாட்டாமைத் தொழிலாளியிடமிருந்தும் வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணிடமிருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் எடுப்பது சுலபமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

காசு குறையும் வழிகள்

1. பெக்கேஜ் முடிந்த பிறகும் ஓடும் டேட்டா. பெக்கேஜ் தீர்ந்தால் இன்டர்நெட் நின்றுவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். பல இணைப்புகளில் அது நிற்பதில்லை. சாதாரணக் கட்டணத்துக்கு மாறி, பிரதான மீதியிலிருந்து கழியத் தொடங்குகிறது. நீங்கள் போனைத் தொடாவிட்டாலும் படங்களைச் சேமிக்கும் செயலி, தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் செயலி, தானாக ஓடத் தொடங்கும் வீடியோ எல்லாம் டேட்டாவைத் தின்றுகொண்டே இருக்கும். இரவு படுக்கும்போது இருந்த காசு காலையில் இல்லாமல் போவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது இதுதான்.

2. பெக்கேஜுக்கு உள்ளேயும் வெளியேயும். வட்ஸ்அப்புக்கு, யூடியூப்புக்கு, சமூக ஊடகங்களுக்கு என்று தனித்தனியாக பெக்கேஜ்கள் விற்கிறார்கள். வட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய செய்தி இணைப்பை அழுத்தினால் நீங்கள் இன்னும் வட்ஸ்அப்பில் இருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் திறப்பது வேறொரு இணையத்தளம், அந்த டேட்டா பெக்கேஜுக்கு வெளியே கணக்கிடப்படுகிறது. இரவு டேட்டா, பகல் டேட்டா என்று பிரித்து விற்கும்போதும் இதே சிக்கல்தான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் ஜிபி அளவில் ஒரு பெரும் பங்கு நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பயன்படுவதாக இருக்கலாம்.

3. அவசரக் கடன். மீதி இல்லாதபோது நிறுவனம் தரும் சிறு கடன். அடுத்த ரீலோட்டில் கடனும் அதற்கான கட்டணமும் ஒன்றாகக் கழியும். வீட்டில் ஒரே போனை இருவர் பாவித்தால் ஒருவர் எடுத்த கடன் மற்றவருக்குத் தெரியாது.

4. வரி. 2024 ஜனவரி 1 முதல் வற் வரி 18 வீதம். வேறு வரிகளும் சேர்கின்றன. ஒரு சேவையின் விலைக்குப் பக்கத்தில் ‘வரி நீங்கலாக’ என்று சிறிய எழுத்தில் இருந்தால், கழியும் தொகை விளம்பரத்தில் உள்ளதைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

5. பெறுமதிசேர் சேவைகள். செய்தி அலர்ட், ராசிபலன், கிரிக்கெட் ஸ்கோர், ரிங்கிங் டோன், கேம்ஸ், புதிர்ப்போட்டி போன்றவை. நாளுக்கு இவ்வளவு, வாரத்துக்கு இவ்வளவு என்று தானாகப் புதுப்பித்துக்கொண்டே போகும் சந்தாக்கள் இவை. வரியைத் தவிர மற்ற மூன்றையும் கவனமாக இருந்தால் ஓரளவு தவிர்க்கலாம். இதைத் தவிர்ப்பதுதான் கடினம், ஏனென்றால் இதில் சேர்ந்திருக்கிறோம் என்பதே பலருக்குத் தெரியாது.

இலக்கத்தைக் கொடுக்காமலே சேர்க்கப்படுவது எப்படி

“நான் எந்த இடத்திலும் என் நம்பரைக் கொடுக்கவில்லையே” என்று பாதிக்கப்பட்டவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். கொடுக்கத் தேவையே இல்லை.

மொபைல் டேட்டாவில் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது, அந்தக் கோரிக்கை எந்த இலக்கத்திலிருந்து வருகிறது என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியும். ஒப்பந்தம் செய்துகொண்ட தளங்களுக்குப் போகும் கோரிக்கையோடு அந்த இலக்கத்தையோ அதற்கான அடையாளக் குறியையோ வலையமைப்பே சேர்த்து அனுப்பும் தொழில்நுட்பம் உலகெங்கும் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. அதனால் அந்தத் தளத்தில் நீங்கள் எதையும் எழுத வேண்டியதில்லை. ஒரு பட்டனை அழுத்தினால் போதும், உங்கள் மீதியிலிருந்து கழிக்கலாம். வைஃபையில் இதே பக்கத்தைத் திறந்தால் இலக்கம் அவர்களுக்குத் தெரியாது. அப்போது இலக்கத்தைக் கேட்டு, ஓடிபி அனுப்பி உறுதி செய்ய வேண்டியிருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் பயன்படும்.

அந்தப் பட்டன் எப்படி அழுத்தப்படுகிறது? சில வழிகள் இவை.

முதலாவது, ஏமாற்று விளம்பரம். ‘உங்கள் போனில் வைரஸ்’, ‘வீடியோவைப் பார்க்க இங்கே அழுத்தவும்’ என்று வரும். அழுத்தினால் சந்தாப் பக்கம். விலை அடியில் சாம்பல் நிறத்தில் இருக்கும்.

இரண்டாவது, மறைக்கப்பட்ட பட்டன். நீங்கள் காண்பது ‘மூடு’ என்ற குறி. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கப்பட்டிருப்பது ‘சேர்’ என்ற பட்டன். இது வெளிப்படையான மோசடி. உலகின் பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்ட முறை.

மூன்றாவது, திடீரென்று திரையில் எழும் பெட்டி. இது இணையப் பக்கமே அல்ல. சிம் கார்டின் வழியாகவோ வலையமைப்பின் வழியாகவோ வருவது. ‘ஓகே’ ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையில் இருக்கும். கோல் எடுக்கப் போகும் அவசரத்தில், அல்லது போனைப் பொக்கெட்டிலிருந்து எடுக்கும்போது, விரல் பட்டால் போதும். சாதாரண பட்டன் போன் வைத்திருக்கும் வயதானவர்கள் இதில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பெட்டியை மூட அவர்கள் அழுத்துவதும் அதே ஓகேதான்.

நான்காவது, இலவசம் என்ற தூண்டில். முதல் மூன்று நாள் அல்லது முதல் வாரம் இலவசம். அதற்குப் பிறகு நீங்கள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் வேண்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். கூகுள் பிளே, அப்பிள் ஸ்டோர் வழியாக வங்கி அட்டையில் எடுக்கும் சந்தாக்களிலும் இதே அமைப்புத்தான். செயலியைப் போனிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. ஸ்டோரின் சந்தாப் பகுதிக்குள் போய்த் தனியாக நிறுத்த வேண்டும்.

இப்படிப் பாவனையாளரை அவர் விரும்பாத முடிவுக்குத் தள்ளும் வடிவமைப்பை ‘இருண்ட வடிவமைப்பு’ என்கிறார்கள். 2010இல் ஹரி பிரிக்னல் என்ற பிரித்தானிய வடிவமைப்பாளர் இந்தப் பெயரைக் கொடுத்தார்.

ரீலோட் போட்ட உடனேயே காசு கழிவதற்கும் இங்கே விளக்கம் இருக்கிறது. உங்களிடம் மீதி இல்லாத நாட்களில் சந்தாக் கட்டணத்தை எடுக்க முடியாது. அப்போது கணினி விட்டுவிடுவதில்லை, குறித்த இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டே இருக்கும். காசு விழுந்த அடுத்த முயற்சியில் எடுத்துவிடும். முழுத் தொகை இல்லாவிட்டால் குறைந்த தொகையை எடுக்கும்படியும் இந்த முறைகளை அமைக்கலாம்.

ஐந்து ரூபாவின் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு நாளொன்றுக்கு ஐந்து ரூபா கழியும் ஒரு சேவையை எடுத்துக்கொள்வோம். வரியைச் சேர்க்காமலே மாதம் 150 ரூபா, வருடம் 1,825 ரூபா. ஐந்து ரூபாவுக்காக யாரும் வேலையை விட்டுவிட்டு எல்விட்டிகல மாவத்தையில் உள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்குப் போய் முறைப்பாடு எழுதப் போவதில்லை. மறுபக்கத்தில், ஒரு லட்சம் பேரிடம் ஐந்து ரூபா எடுத்தால் ஒரே நாளில் ஐந்து லட்சம் ரூபா. தொகை வேண்டுமென்றே சிறியதாக வைக்கப்படுவது இதனால்தான் என்பது என் எண்ணம்.

இந்த ஐந்து ரூபா மூன்று இடங்களுக்குப் பிரிகிறது: உள்ளடக்கத்தைத் தயாரிப்பவர், நடுவில் நின்று பல சேவைகளைத் திரட்டிக் கொடுக்கும் இடைநிறுவனம், காசைக் கழித்துத் தரும் தொலைபேசி நிறுவனம். உள்ளடக்கத்தைத் தயாரிப்பவர் சில வேளை ஓர் ஊடக நிறுவனமாகவே இருக்கலாம். செய்தி அலர்ட் விற்பதும், பாட்டுப் போட்டியில் மெசேஜ் மூலம் வாக்குக் கேட்பதும், ராசிபலன் அனுப்புவதும் ஊடகங்களுக்கு வருமானம். விளம்பர வருமானம் குறைந்துவரும் காலத்தில் அந்த வருமானத்தின் தேவை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதற்கு ஒரு விலை உண்டு. வாசகருடைய பக்கத்தில் நின்று இந்தக் கழிப்புகளைத் தோண்ட வேண்டியவரும், கழிப்பில் பங்கு பெறுகிறவரும் ஒருவராகவே இருந்தால் அந்தச் செய்தி எழுதப்படாமல் போகிறது.

மூன்று பேர் இருப்பதால் பொறுப்பும் மூன்றாகச் சிதறுகிறது. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால், “அது வெளியாருடைய சேவை, நாங்கள் நிறுத்திவிடுகிறோம்” என்பார்கள். நிறுத்துவது சரி. எடுத்த காசு? அதைக் கேட்கும்போதுதான் “நீங்களே சேர்ந்திருக்கிறீர்கள்” என்ற பதில் வருகிறது. காசைக் கழிக்கும் கை தொலைபேசி நிறுவனத்துடையது. தன் வாடிக்கையாளரின் மீதியில் கை வைக்கும் அதிகாரத்தை வெளியாருக்குக் கொடுத்தது அந்த நிறுவனம்தான் என்பதால், சம்மதத்தை நிரூபிக்கும் கடமையும் அதற்கே இருக்க வேண்டும்.

மெசேஜுக்குள் தமிழுக்கு உள்ள இடம்

சந்தா தொடங்கும்போது நிறுவனங்கள் மெசேஜ் அனுப்பாமல் இருப்பதில்லை. அது வாசிக்கக்கூடிய மொழியில் வருகிறதா என்பதுதான் கேள்வி. கொழும்பில் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வரும் உறுதிப்படுத்தல் மெசேஜ் வந்தும் வராதது போலத்தான். இதற்குப் பின்னால் கவனக்குறைவு மட்டுமல்ல, ஒரு தொழில்நுட்பக் கணக்கும் இருக்கிறது.

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி அடைக்கும் முறையில் அதில் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழுக்கும் சிங்களத்துக்கும் யூனிகோட் முறை பயன்படுகிறது. அதில் ஓர் இடத்துக்கு இரண்டு பைட் என்பதால் 70 இடங்கள்தான். அந்த எழுபதும் எழுபது தமிழ் எழுத்துகள் அல்ல. மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனி இடம் பிடிக்கும். ‘கொழும்பு’ என்று எழுத நமக்கு நான்கு எழுத்து, மெசேஜில் அது எட்டு இடம். ஆங்கிலத்தில் அதே பெயர் 160இல் ஏழு இடத்தை மட்டும் எடுக்கிறது. எனவே விலை, காலம், நிறுத்தும் முறை மூன்றையும் தமிழில் சொன்னால் ஒரு மெசேஜ் இரண்டாகவோ மூன்றாகவோ உடையும். மொத்தமாக அனுப்புகிறவருக்குச் செலவும் அதற்கேற்பக் கூடும். விளைவு, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புகிறார்கள், அல்லது தமிழில் சேவையின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தும் முறையை விட்டுவிடுகிறார்கள்.

சம்மதம் வாங்குவதற்கு ஒரு மெசேஜ் கூடுதலாகச் செலவாகிறது என்றால் அது அந்த வியாபாரத்தின் செலவு. வாசிக்க முடியாத மொழியில் கேட்டுப் பெற்ற ஓகேயைச் சம்மதம் என்று ஏற்பது நியாயமே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது

மூன்று சட்டங்கள் இதைத் தொடுகின்றன.

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டம். 1996இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு உருவானது. உரிமம் பெற்ற நிறுவனங்களைக் கண்காணிப்பதும் பாவனையாளரின் நலனைக் காப்பதும் அதன் வேலை. அலுவலகம் கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் இருக்கிறது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் வியாபார நடத்தையை 30ஆம் பிரிவு தடை செய்கிறது. இதன் கீழ் முறைப்பாட்டை எழுத்தில், பொருளையோ சேவையையோ பெற்ற மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்தக் கால எல்லை முக்கியம். சிறு தொகைகள் கழிவதை மக்கள் கவனிப்பதே பல மாதங்கள் கழித்துத்தான்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். சம்மதம் என்றால் என்ன என்பதை இது தெளிவாக வரையறுக்கிறது: சுயமாக, குறிப்பான நோக்கத்துக்காக, விவரம் அறிந்து, ஐயத்துக்கு இடமின்றிக் கொடுக்கப்பட வேண்டும். கொடுத்த சம்மதத்தை மீளப் பெறும் உரிமையும் உண்டு. மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்க இடமிருக்கிறது. ஆனால் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த நிலையில் ஒத்திவைக்கப்பட்டன. எழுத்தில் நல்ல சட்டம் இருந்தும் பாவனையாளர் இத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருந்தது வருந்தத்தக்கது.

மற்ற இடங்களில் எப்படி அடக்கினார்கள்

இந்தியாவில் இதே முறைப்பாடு மலைபோல் குவிந்தபோது, 2013 ஜூலையில் அங்குள்ள ஒழுங்குபடுத்தல் ஆணையமான டிராய் இரட்டை உறுதிப்படுத்தலைக் கட்டாயமாக்கியது. ஒரு பட்டனை அழுத்தியது போதாது, இரண்டாவது முறையும் வாடிக்கையாளர் உறுதி செய்தால் மட்டுமே கட்டணம் எடுக்கலாம். நிறுத்துவதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக 155223 என்ற ஒரே இலக்கம்.

அமெரிக்காவில் பில்லுக்குள் அனுமதியின்றி மூன்றாம் தரப்புக் கட்டணங்களைச் சேர்த்ததற்காக 2014இல் ஏடி அண்ட் டி நிறுவனம் 10.5 கோடி டொலரும், டி-மொபைல் குறைந்தது 9 கோடி டொலரும் கொடுக்க இணங்கின. 2025 செப்டெம்பரில் அமேசான் 250 கோடி டொலருக்கு வழக்கைத் தீர்த்துக்கொண்டது. வாடிக்கையாளர்களைத் தெரியாமல் பிரைம் சந்தாவில் சேர்த்ததும், விலகுவதைக் கடினமாக்கியதும் அதன் மீதான குற்றச்சாட்டு. அதில் 150 கோடி டொலர் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு.

இங்கே தேவைப்படுவதும் அத்தனை சிக்கலானதல்ல. இரண்டாவது உறுதிப்படுத்தலைச் சேவை விற்பவர் அல்லாமல் தொலைபேசி நிறுவனமே, வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த மொழியில் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் வேண்டாம் என்றே கொள்ள வேண்டும். ப்ரீபெய்ட்காரருக்கும் மாதம் ஒரு தடவை கழிப்புகளின் பட்டியல் இலவசமாகப் போக வேண்டும். கணினியில் ஏற்கெனவே பதிவாகும் விவரத்தைத்தான் அனுப்பச் சொல்கிறோம்.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை

1. உங்கள் நிறுவனத்தின் செயலியில் அல்லது வாடிக்கையாளர் சேவையில், செயலில் உள்ள சேவைகளின் பட்டியலைக் கேளுங்கள். ஒன்றை மட்டும் நிறுத்தச் சொன்னால் அது மட்டும்தான் நிற்கும். எல்லாப் பெறுமதிசேர் சேவைகளையும் இலக்கத்தில் மூடிவிடச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் பெரியவர்களின் போனுக்கு இதை முதலில் செய்யலாம்.

2. பெக்கேஜ் முடிந்ததும் டேட்டாவைத் தானாக நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லாவிட்டால் போனின் அமைப்புகளில் டேட்டா எல்லையை நீங்களே வைக்கலாம்.

3. சந்தேகமான இணைப்பு என்றால் மொபைல் டேட்டாவில் திறக்கவே வேண்டாம். வைஃபையில் இலக்கம் தானாகப் போகாது. அங்கே ஓடிபி கேட்டால் கொடுக்காமல் விடலாம்.

4. காசு கழிந்திருந்தால், மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். எந்த நாள், எந்த நேரம், எந்த வழியாகச் சம்மதம் பெறப்பட்டது என்ற பதிவை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பேச்சில் கேட்டால் முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். காசைத் திருப்பித் தர வைப்பதற்கு இந்தக் கேள்விதான் பலமானது.

5. பதில் திருப்தி இல்லையென்றால் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். ஏமாற்று விளம்பரம் சம்பந்தப்பட்டிருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 இல் அழைக்கலாம், ஆனால் மூன்று மாதத்துக்குள் எழுத்திலும் கொடுத்துவிடுங்கள்.

6. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். தனியார் நிறுவனம் எந்த மொழியில் பதில் தருகிறது என்பது அதன் விருப்பமாக இருக்கலாம். அரச நிறுவனங்களுக்கு அந்தத் தெரிவு இல்லை. மேல் மாகாணத்தின் நிர்வாக மொழி சிங்களமாக இருந்தாலும், இங்கு வசிப்பவர் அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் அதைத் தனி முறைப்பாடாக அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம்.